கட்டடம் மட்டும் தடுப்பூசி தராது

செங்கற்பட்டு நகரை ஒட்டியுள்ள திருமணியில் 100 ஏக்கர் நிலத்தில் ஒரு தடுப்பூசி வளாகம் எழுப்பப்பட்டது. கிழக்கே, மாமல்லபுரத்துக்குத் தெற்கில், கல்பாக்கம் அணுசக்தி நிலையங்கள் நிற்கின்றன. இரண்டும் அரசின் முடிவால் பிறந்தவை. ஒன்று பயன் தந்தது. மற்றொன்று 2021-இல் நாடே தடுப்பூசிக்குத் தவித்தபோதும் உற்பத்தியின்றிக் கிடந்தது. இந்த வேறுபாட்டின் காரணத்தை ஆராய்வோம்.

கல்பாக்கம் காட்டும் வழி

1971-இல் கல்பாக்கத்தில் அணு உலை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. பிரான்சு நாட்டின் 'ராப்சோடி' உலையைப் பின்பற்றி ஒரு சிறிய வேக ஈனுலை அமைக்கத் திட்டம். 1974 மே மாதம் பொக்ரான் சோதனை நடந்தபின், எதிர்பார்த்த வெளிநாட்டு எரிபொருள் கிடைக்கவில்லை. நம் விஞ்ஞானிகள் புளூட்டோனியம்–யுரேனியம் கார்பைடு கலவையை எரிபொருளாக உருவாக்கினர். 1985 அக்டோபரில் உலை இயங்கத் தொடங்கியது.

இது விஞ்ஞானிகளின் திறமைக்குச் சான்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பதினான்கு ஆண்டுகளில் பிரதமர்கள் மாறினர், ஆளும் கட்சிகள் மாறின; திட்டம் கைவிடப்படவில்லை. பணமும் பயிற்சி பெற்ற ஆட்களும் தொடர்ந்து கிடைத்தனர் என்பதையும் மறக்கலாகாது. கல்பாக்கத்திலும் குறை உண்டு. 2004-இல் கட்டத் தொடங்கிய 500 மெகாவாட் ஈனுலை 2010-இல் முடிந்திருக்க வேண்டும். அதன் மையப் பகுதியை நிரப்பும் பணியே 2024 மார்ச்சில்தான் தொடங்கியது.

திருமணியின் கதை

குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907 முதலும், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் 1948 முதலும் இயங்கி வந்தவை. கசௌலியில் உள்ள நிலையத்தையும் சேர்த்து, இம்மூன்றின் உற்பத்தி உரிமங்களும் 2008 ஜனவரியில் நிறுத்தி வைக்கப்பட்டன. நல்ல உற்பத்தி நெறிகளை அவை பின்பற்றவில்லை என்பது காரணம். குறை உண்மைதான். பழைய கூடங்களைப் புதுப்பிப்பது அவசியமே. ஆனால் மாற்று ஏற்பாடு ஆயத்தமாகும் முன்பே உற்பத்தியை நிறுத்தியது சரியா என்பதே நம் கேள்வி. 2010-இல் தடை நீக்கப்பட்டது. அதற்குள் அரசின் தடுப்பூசித் திட்டம் தனியார் நிறுவனங்களை மேலும் சார்ந்து நிற்கும் நிலை வந்துவிட்டது.

2012-இல் திருமணி வளாகத்துக்கு ரூ. 594 கோடியில் அனுமதி கிடைத்தது. கட்டடங்கள் எழுந்தன, இயந்திரங்கள் வந்தன, ஆனால் பணிகள் முடிவடையவில்லை, செலவும் உயர்ந்தது. 2021 மே மாதம் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அங்கு நேரில் சென்று பார்த்து, வளாகத்தைத் தமிழ்நாட்டுக்குக் குத்தகைக்கு விடுமாறு பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தனியாரை அழைத்தும் எவரும் முன்வரவில்லை.

அன்று சாவியைத் திருப்பியிருந்தால் மறுநாளே கொரோனா ஊசி வந்திருக்குமா? வந்திருக்காது. தடுப்பூசி உயிருள்ள நுண்ணுயிர்களோடு தொடர்புடைய தொழில். கால்மெட், கெரன் என்னும் இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள் 13 ஆண்டுகளில் 230 முறை மறுவளர்ப்புச் செய்துதான் பி.சி.ஜி. கிருமியை வீரியம் குறைத்தனர். மூலக் கிருமியைப் பாதுகாக்க வேண்டும். தூய காற்று வேண்டும். ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்க வேண்டும். கைதேர்ந்த தொழிலாளர் வேண்டும். ஆண்டுக்கணக்கில் இடையறாது இயங்கிவரும் தொழிற்சாலைதான் நெருக்கடியில் புதிய மருந்துக்கு விரைவில் மாற முடியும்.

எங்கே பிழை?

அடிக்கல் நாட்டுவது ஒரு நாள் வேலை. நடத்துவது ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் புதுப்பிக்க வேண்டிய கடமை. கல்பாக்கம் அந்தக் கடமையைப் பெருமளவு பெற்றது, திருமணி பெறவில்லை. அணுசக்தியை நாட்டின் பெருமையோடு சேர்த்துப் பார்த்த நாம், குழந்தையின் கையில் போடும் ஊசியை அவ்வாறு பார்க்கத் தவறினோம் என்றே தோன்றுகிறது.

ஒரு விஞ்ஞானத் திட்டம் அறிவிக்கப்படும்போது, 'எத்தனை கோடி?' என்று கேட்பதோடு மாணவர்கள் நின்றுவிடக் கூடாது. 'பத்தாம் ஆண்டில் இதை யார் நடத்துவார்கள்? அதற்குப் பணம் எங்கே?' என்றும் கேட்க வேண்டும். 2021-இல் அந்தக் கேள்விக்கு விடை இல்லாமல்தான் திருமணிக் கட்டடங்கள் வெறுமனே நின்றன.