வடிகட்டிய படங்களும் வாங்கிய மதிப்பெண்ணும்

ஜெஃப்ரி ஹின்டனுக்கு 2024இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்ததிலிருந்து, கணினிப் பார்வை ஆய்வின் வெற்றிக்கதையைச் சொல்லாத ஏடு இல்லை. இமேஜ்நெட் என்ற படத்தொகுப்பை வைத்து, படத்தில் உள்ள பொருளை இனங்காண 2012இல் நடந்த போட்டியில் அவருடைய மாணவர்கள் உருவாக்கிய அலெக்ஸ்நெட் என்ற கணினி மாதிரி 15.3 விழுக்காடு பிழையோடு முதலிடம் பிடித்தது. இரண்டாவதாக வந்ததன் பிழை 26.2. அன்று திறந்த கதவு இன்றுவரை மூடவில்லை என்பது கதையின் சாரம். புள்ளியியலாளர் டேவிட் டோனஹோ 2024இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் இந்தக் கதைக்கு ஒரு தத்துவமும் கொடுத்தார்: எல்லோருக்கும் பொதுவான தரவு, பகிர்ந்துகொள்ளும் நிரல், எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே மதிப்பெண், இம்மூன்றும் சேர்ந்ததுதான் இத்துறையின் வேகத்துக்குக் காரணம் என்றார். வேகத்தைப் பற்றிய வரையில் அவர் சொல்வது சரி. அவரவர் படங்களில் அவரவர் முறையைச் சோதித்து அவரவரே மெச்சிக்கொள்ளும் வழக்கத்துக்கு இமேஜ்நெட் பெருமளவு முற்றுப்புள்ளி வைத்தது. அந்தத் தொகுப்பை அறிமுகப்படுத்திய 2009ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு, பத்தாண்டுகள் கழித்து லாங்கே-ஹிக்கின்ஸ் பரிசு கொடுத்ததும் பொருத்தமே. ஆனால் வேகமாக ஓடியதற்கான சான்றையே இயந்திரத்துக்குப் பார்வை வந்துவிட்டதற்கான சான்றாகவும் காட்டுகிறார்களே, அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

அந்தத் தொகுப்பு எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். வேர்ட்நெட் என்ற சொற்களஞ்சியத்திலிருந்து பெயர்ச்சொற்களை எடுத்தார்கள். ஒவ்வொன்றையும் தேடுபொறிகளில் இட்டு, வந்து விழுந்த படங்களை அள்ளினார்கள். பிறகு அமேசானின் மெக்கானிக்கல் டர்க் வழியாகக் கூலிக்கு அமர்த்திய ஆட்களின் திரையில் ஒரு சொல், அதன் விளக்கம், கீழே வரிசையாகப் படங்கள். அந்தப் பொருள் உள்ள படத்தை அவர்கள் சொடுக்க வேண்டும். போதிய பேர் ஒத்துச் சொன்ன படம் உள்ளே போனது, கருத்து பிரிந்த படம் வெளியே போனது. ஆக, இந்தப் படங்கள் இரண்டு சல்லடைகளைத் தாண்டி வந்தவை. முதல் சல்லடை படம் எடுத்தவருடையது: பொருளை நடுவில் வைத்து, வெளிச்சம் பார்த்து, நன்றாக வந்ததை மட்டும் இணையத்தில் ஏற்றியவர் அவர். எங்கே பார்ப்பது, எதைப் பார்ப்பது என்ற பாதி வேலையை அவரே முடித்துவிட்டார். இரண்டாவது சல்லடை வாக்கெடுப்பு. மனிதர்களே குழம்பிய படங்கள் அதில் கழிந்துபோயின. ஆசிரியர்கள் தமக்குள் விடை ஒத்துவராத கேள்விகளையெல்லாம் நீக்கிவிட்டு அச்சடித்த வினாத்தாள் இது.

இதை வெறும் ஐயமென்று தள்ளிவிட முடியாது. ஆய்வாளர் பெஞ்சமின் ரெக்ட்டும் அவருடைய குழுவினரும் 2019இல் அதே செய்முறையை வரிக்கு வரி பின்பற்றி ஒரு புதிய சோதனைத் தொகுப்பைத் திரட்டினார்கள். பழைய தொகுப்பில் சிறந்து விளங்கிய மாதிரிகளின் துல்லியம் புதியதில் 11 முதல் 14 புள்ளிகள் வரை சரிந்தது. வாக்கெடுப்பின் கண்டிப்பைக் கூட்டி, ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட படங்களை மட்டும் எடுத்தபோது அதே மாதிரிகள் பழைய மதிப்பெண்ணையும் தாண்டின. இயந்திரத்தில் ஒரு திருகாணியும் மாறவில்லை. சல்லடையின் கண் மாறியது, அவ்வளவுதான். மதிப்பெண் இயந்திரத்தைப் பற்றிச் சொல்வதில் எவ்வளவு, சல்லடையைப் பற்றிச் சொல்வதில் எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது?

இதே ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு வாதிடும்: புதிய தொகுப்பிலும் மாதிரிகளின் வரிசை பெரும்பாலும் மாறவில்லையே, முந்தியது முந்தியே நின்றதே, அப்படியானால் முன்னேற்றம் உண்மைதானே? உண்மைதான். ஆனால் எது எதைவிட மேல் என்பது ஆய்வாளருக்கு வேண்டிய விடை. பயன்படுத்துகிறவரின் கேள்வி, இது என் வேலைக்குப் போதுமா என்பது. வரிசை அதற்கு விடை சொல்லாது. இந்த இரண்டையும் குழப்பியதால்தான் 2015இல் இயந்திரம் மனிதக் கண்ணை மிஞ்சிவிட்டது என்ற முழக்கம் எழுந்தது. மிஞ்சப்பட்டதாகச் சொன்ன மனிதப் பிழை 5.1 விழுக்காடு. ஆண்ட்ரே கர்பாத்தி என்ற ஒரே ஆய்வாளர் 1,500 படங்களுக்குத் தாமே விடையெழுதிப் பார்த்துச் சொன்ன எண் அது. போட்டியின் ஆயிரம் வகைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை நாய் இனங்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், அந்த 5.1இல் மனிதப் பார்வை எவ்வளவு, நாய் இனங்களின் பெயர் தெரியாமை எவ்வளவு என்று கேட்கத் தோன்றும்.

சல்லடை வெறும் ஆய்வுக்கூட விவகாரம் என்று விட்டுவிடலாகாது. நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பைக் கண்டறியும் கூகுளின் மாதிரி 2016இல் வெளியானது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் அதன் பயிற்சியில் சேர்ந்திருந்தன. இரண்டு சோதனைத் தொகுப்புகளில் அது வாங்கியது 0.991, 0.990, முழு மதிப்பெண் 1. பெரிய சாதனைதான். ஆனால் அந்தத் தலைப்பு எண்கள் முழுமையாகத் தரம் பிரிக்கத்தக்க படங்களுக்கானவை. முதல் தொகுப்பின் 9,963 படங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அந்தக் கணக்குக்குள் வரவில்லை. பின்னர் இதை தாய்லாந்தின் 11 மருத்துவ நிலையங்களில் பயன்படுத்தினார்கள். என்ன நடந்தது என்பதை கூகுள் குழுவே 2020இல் எழுதியது, அந்த நேர்மைக்கு ஒரு நன்றி. இருட்டாக்கக்கூடிய தனியறை இரண்டு நிலையங்களில்தான் இருந்தது. மற்ற இடங்களில் விளக்கு எரியும் அறையில், வரிசையில் நின்ற நோயாளிகளைச் செவிலியர்கள் ஒவ்வொருவராகப் படமெடுத்தார்கள். முதல் ஆறு மாதங்களில் 1,838 படங்களில் 21 விழுக்காட்டை இயந்திரம் தரம் போதாது என்று திருப்பிவிட்டது. செவிலியர் கண்ணுக்கே பாதிப்பில்லை என்று தெரிந்த படங்களும் அதில் உண்டு. அப்படித் திருப்பப்பட்டவர் இன்னொரு நாள் இன்னொரு ஊரிலுள்ள மருத்துவரிடம் போக வேண்டும். தெளிவில்லாத படத்துக்குத் தீர்ப்புச் சொல்ல மறுப்பது சரியான நடத்தை. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்தில் ஒரு படத்தைக் கைவிடும் முறைக்கு 0.99 என்று சான்றிதழ் எழுதும் வழக்கத்தைத்தான் குறை சொல்கிறேன்.

இந்தக் குறையை இன்னும் கடினமான தொகுப்புகளால் தீர்த்துவிடலாம் என்பார்கள். 2019இல் வந்த ஆப்ஜெக்ட்நெட் அந்த வகை: கவிழ்த்த நாற்காலி, படுக்கைமேல் கிடக்கும் சுத்தியல் என்று வேண்டுமென்றே தாறுமாறாக வைத்து எடுத்த படங்கள். முன்னணி மாதிரிகள் அதில் 40 புள்ளிகளுக்கு மேல் இழந்தன. பிறகு 2021இல் கிளிப் போன்ற மாதிரிகள் அந்த இடைவெளியைக் கணிசமாகக் குறைத்தன என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் கிளிப் படித்தது இணையத்திலிருந்து அள்ளிய 40 கோடிப் படங்களும் அவற்றோடு வந்த சொற்களும். அதாவது, யாரோ ஒருவர் காட்டத் தகுந்தது என்று நினைத்து, எடுத்து, பெயரும் எழுதியவை. சல்லடை அகன்றது, அகற்றப்படவில்லை. கடினமான தொகுப்பும் வந்த மறுநாளே இன்னொரு தரவரிசைப் பட்டியலாகிறது. அதிலும் ஒரே எண், அதிலும் முதலிடம் யாருக்கு என்ற கேள்வி. எத்தனை படங்கள் சேகரிப்பில் கழிந்தன, எத்தனையில் ஆட்களுக்குள் கருத்து பிரிந்தது, எத்தனைக்கு இயந்திரம் பதில் சொல்ல மறுத்தது என்று பட்டியலில் மூன்று நெடுவரிசைகள் சேர்க்கப் புதிய கணிதம் எதுவும் வேண்டாம். முதலிரண்டு எண்கள் தொகுப்பைத் திரட்டியவர்களிடமும் மூன்றாவது சோதித்தவர்களிடமும் இருக்கின்றன. இருந்தும் அச்சேறாமல் இருப்பதற்கு ஒரே காரணம்தான் எனக்குத் தெரிகிறது: அவற்றைச் சேர்த்தால் முதலிடம் யாருக்கு என்பதை ஒரே எண்ணில் சொல்ல முடியாது.