மோகினித் தீவில் இரு காலங்கள்: வாசிப்பின்பமும் வரலாற்றுணர்வும்

முன்னுரை

வரலாற்றுப் புதினங்களைக் கற்பிக்கும்பொழுது நாம் பெரும்பாலும் இரண்டு வினாக்களையே எழுப்புகிறோம். கதையில் வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்பது ஒன்று. மாந்தர் படைப்பு எத்தகையது என்பது மற்றொன்று. இவை தேவையான வினாக்களே. ஆயினும், ஒரு புதினம் எதனால் இன்பம் தருகிறது என்னும் வினா நம்மிடையே ஆய்வுக்குரியதாகக் கருதப்படுவதில்லை. சுவைப்பது பொதுவாசகரின் பணி, ஆராய்வது நம் பணி என்ற பிரிவினை வேரூன்றிவிட்டது. கல்கியின் 'மோகினித் தீவு' (1950) என்னும் குறும்புதினம் இப்பிரிவினைக்கு அடங்காதது. அதன் இன்பம் எங்கிருந்து பிறக்கிறது எனத் தேடிச் சென்றால், அதன் வரலாற்றுணர்வும் அவ்விடத்திலேயே இருப்பதைக் காணலாம். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு காலக் கதையமைப்பு

இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலிருந்து கப்பலேறித் தப்பி வந்த ஒருவர், தம் அனுபவத்தைக் கதைசொல்லியிடம் கூறுகிறார். இது புறக்கதை. எதிரிக் கப்பலுக்கு அஞ்சி, அவர் வந்த கப்பல் ஒரு தீவின் அருகே ஒதுங்குகிறது. கோயில்களும் சிற்பங்களும் நிறைந்த அத்தீவில் இரவுவேளையில் ஓர் ஆணையும் பெண்ணையும் அவர் சந்திக்கிறார். அவ்விருவரும் கூறும் தங்கள் காதல் வரலாறே அகக்கதை. ஆண், சோழ இளவரசன் சுகுமாரன். பெண், பாண்டியன் மகள் புவனமோகினி.

இரு காலங்களை இணைத்தெழுதும் முயற்சி கல்கிக்குப் புதியதன்று. 'சோலைமலை இளவரசி'யில் (1947) 1942ஆம் ஆண்டுப் போராட்ட வீரன் குமாரலிங்கம், பாழடைந்த கோட்டையில் மறைந்திருக்கையில், ஆங்கிலேயரை எதிர்த்த முற்கால மன்னனாகத் தன்னையே உணர்கிறான். அங்கே ஒரே மனிதன் இரு காலங்களிலும் வாழ்கிறான். பழங்காலம் நிகழ்காலத்திற்கு முன்மாதிரியாகிறது. மோகினித் தீவிலோ நிகழ்கால மனிதர் கேட்பவர் மட்டுமே. அவருக்கும் அக்காதலுக்கும் எந்த உறவும் இல்லை. இவ்விலகலே இப்புதினத்தின் தனித்தன்மை எனலாம்.

ஊடலாக மாறிய பகை

அகக்கதையின் தொடக்கம் அரச மானம் பற்றியது. பாண்டியன் விடுத்த மணத்தூதைச் சோழன் இகழ்ந்துரைக்கிறான். அவ்விகழ்ச்சி போராக மூள்கிறது. தோற்ற சோழ மன்னன் மதுரையில் சிறுமைப்படுத்தப்பட்டுச் சிறையிலிடப்படுகிறான். தந்தையை மீட்கச் சிற்பம் பயிலும் இளைஞனாக மாறுவேடத்தில் வரும் மகன், சிறையிட்டவனின் மகளிடமே மனத்தைப் பறிகொடுக்கிறான்.

கதைப்பொருள் என்ற அளவில் இதில் புதுமை மிகுதியாக இல்லை. பகைக் குலத்தாரிடையே முகிழ்க்கும் காதலும் மாறுவேடமும் நமக்குப் பழக்கமானவை. ஆயினும் படிக்கையில் சலிப்புத் தோன்றுவதில்லை. காரணம், கதை சொல்லப்படும் முறை. சுகுமாரன் சொல்லி வருகையில் புவனமோகினி இடைமறிக்கிறாள். அவள் தொடர்ந்தால் அவன் திருத்துகிறான். யார் தந்தை மீது குற்றம் என்பதில் இருவருக்கும் இன்றும் ஒத்த கருத்தில்லை. ஒரு காலத்தில் படைகளை மோதவைத்த வினா, இப்பொழுது கணவன் மனைவியின் ஊடலாகச் சுருங்கியிருக்கிறது. நம் முகத்தில் புன்னகை அரும்புவது இவ்விடத்தில்தான். பகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், காலம் அதனை வீட்டுக்குள் பேசிச் சிரிக்கத்தக்க செய்தியாக்கிவிடும் என்பதை நாம் அறிவுரையாகப் பெறவில்லை, சுவையாகப் பெறுகிறோம்.

மேலும், வென்றவன் மகளும் தோற்றவன் மகனும் ஒரே நிகழ்ச்சியை இருவேறாகக் கூறுவதால், வரலாறு என்பது சொல்பவரைப் பொறுத்தது என்னும் உண்மையும் இயல்பாகவே வெளிப்படுகிறது. மெய்க்கீர்த்திகளைப் பாடமாக நடத்தும் ஆசிரியர் இதனை எளிதில் எடுத்துக்காட்டாக்கலாம். மெய்க்கீர்த்தி வென்றவன் குரல் மட்டுமே. இடைமறிக்க அங்கே எவரும் இல்லை.

கேட்பவர் யார்?

இவ்வின்பத்தை முழுமையாக்குவது கேட்பவரின் நிலை. இரங்கூன் நகர்மீது 1941 டிசம்பர் 23இல் குண்டு வீசப்பட்டது. 1942 மார்ச் 8இல் அந்நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மாவை விட்டு வெளியேறிய இந்தியர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர். கப்பலில் இடம் பெறாதவர்கள் அரக்கான், மணிப்பூர் வழிகளில் நடந்தனர். பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். இத்தகைய போரிலிருந்து தப்பி ஓடும் ஒருவரின் செவியில்தான் முடிந்துபோன ஒரு போரின் கதை விழுகிறது. அன்றைய போர் காதலில் முடிந்தது. இன்றைய போர் எதில் முடியும்? புதினம் இவ்வினாவை வெளிப்படையாகக் கேட்கவில்லை. இரு காலங்களையும் அருகருகே வைத்ததன் மூலம் நம்மைக் கேட்க வைக்கிறது. அகக்கதையை மட்டும் பிரித்துப் படிப்போர் ஓர் இனிய காதற்கதையைப் பெறுவர், இவ்வினாவை இழப்பர்.

இந்நாட்டு வாசகர்களுக்கு இது மேலும் நெருக்கமானது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. தோட்டப்புறத் தமிழர்கள் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டதும் அதே போரில்தான். நமக்கு இப்புதினத்தின் புறக்கதை வெறும் முகப்பு அன்று. நம் குடும்பங்களின் வரலாறு.

குறைகள்

இன்பத்தைப் போற்றும்பொழுது அதன் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். கப்பலில் உடன் வந்த மக்கள், தீவு தென்பட்டதும் கதையிலிருந்து மறைந்துவிடுகின்றனர். அவர்களுள் ஒருவரது கதைக்கும் சுகுமாரன் கதைக்குக் கிடைத்த இடத்தில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. அரசைத் துறந்து கடல் கடந்த காதலர்க்கு அழகிய தீவு வாய்த்தது. வாழ்விழந்து கடல் கடந்தோர்க்குப் பெயர்கூட வாய்க்கவில்லை. இதனைப் புனைவியலின் பொதுக்குறை என்று கடந்துவிட இயலாது. புறக்கதையை இவ்வளவு திறம்பட அமைத்தவரிடம் எதிர்பார்க்கத்தக்கதையே நாம் எதிர்பார்க்கிறோம்.

மற்றொன்று, வரலாறு பற்றியது. உத்தம சோழன் என்னும் பெயரைக் கண்டதும், 985இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசனுக்கு முன் ஆண்ட மன்னனை மாணவர் நினைக்கக்கூடும். இப்புதினத்தின் சோழனோ, சோழர் வலி குன்றிய காலத்தவனாகப் படைக்கப்பட்டவன். அவ்வாறே, தமிழ்ச் சிற்பம் செழித்த கடல்நடுத் தீவைப் படிக்கையில் கெடாவின் புஜாங் பள்ளத்தாக்கும், 1025இல் நிகழ்ந்த இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பும் நம் நினைவுக்கு வருதல் இயல்பே. நினைவுக்கு வருவது வேறு, சான்றாவது வேறு. தீவு கற்பனை, அதனைத் தொல்லியல் போலக் கற்பித்தல் கூடாது.

முடிவுரை

வரலாற்றுக் காதற்புதினத்தை விரும்பிப் படிப்பது ஆய்வாளர்க்கு இழுக்கன்று. மோகினித் தீவில் நாம் நுகரும் இன்பம், இரு காலங்கள் ஒன்றையொன்று உரசும் இடத்தில் பிறப்பது. சிந்தனையும் அவ்விடத்திலேயே பிறக்கிறது. ஆகவே, இதனைப் பாடமாக்கும் ஆசிரியர் முதலில் மாணவரைச் சுவைக்க விடுதல் வேண்டும். பிறகு ஒரு பயிற்சி தரலாம்: கப்பலில் காத்திருந்த ஒரு பயணியின் வாயிலாக அவ்விரவை எழுதச் சொல்லலாம். கல்கி எழுதாமல் விட்ட பக்கத்தை, அந்தப் போரைக் கண்ட தலைமுறையின் வழிவந்த நம் மாணவர்கள் எழுதட்டும்.