பழைய பாய்மரப் படகு: கேட்டலினா 22 வாங்கலாமா, ஜே/24 வாங்கலாமா?

அமெரிக்காவில் சில ஆயிரம் டாலரை வைத்துக்கொண்டு சின்னப் பாய்மரப் படகு தேடுகிறவருக்கு இந்த இரண்டு பெயர்களும் கட்டாயம் எதிர்ப்படும். ஃபிராங்க் பட்லர் வடிவமைத்த கேட்டலினா 22 இதுவரை 15,000க்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது. ராட் ஜான்ஸ்டன் தன் வீட்டு கராஜில் கட்டிய படகிலிருந்து பிறந்து 1977இல் விற்பனைக்கு வந்தது ஜே/24. அது 5,000க்கும் மேல். இரண்டையும் மேரிலாந்தின் அன்னாபொலிஸ் பக்கம், செசபீக் விரிகுடாவில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். சனி, ஞாயிறு குடும்பத்தோடு ஒரு பயணமும் வேண்டும், வாரநாள் மாலையில் பந்தயமும் வேண்டும் என்பவருக்கு எது சரி?

ஓட்டும் சுகத்தில் ஜே/24க்குப் பக்கத்தில் கேட்டலினா நிற்க முடியாது. கோடையில் செசபீக்கில் பல நாள் காற்று செத்துக் கிடக்கும். பெரிய ஜெனோவா பாயை ஏற்றினால் அந்த அரைகுறைக் காற்றிலும் ஜே/24 நகர்ந்துகொண்டே இருக்கும். காற்று கொஞ்சம் திரும்பினாலும் சுக்கான் பிடியில் விரலுக்குத் தெரிந்துவிடும். பலத்த பின்காற்றில் ஸ்பின்னக்கர் பாயை விரித்துவிட்டால் படகு அலையின் மேலேறி வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த ஓட்டத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். பலரகப் படகுகள் கலந்து ஓடும் பந்தயங்களில் ஒவ்வொரு ரகத்துக்கும் கடல்மைலுக்கு இத்தனை விநாடி என்று சலுகை வைத்திருக்கிறார்கள். மெதுவான படகுக்குச் சலுகை அதிகம். ஜே/24க்கு ஏறக்குறைய 170, கேட்டலினா 22க்கு ஏறக்குறைய 270. ஒரு கடல்மைல் ஓடி முடிப்பதற்குள் ஒன்றரை நிமிடத்துக்கும் மேலான இடைவெளி விழுந்துவிடும் என்று பொருள்.

அந்த வேகத்துக்கு ஆள் வேண்டும். ஜே/24 பந்தயத்தில் வழக்கமாக ஐந்து பேர் ஏறுவார்கள். மொத்த எடை 400 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது விதி. வாராவாரம் மற்ற நாலு பேரைத் திரட்டுவது படகு வாங்குவதைவிடக் கடினமான வேலை. உள்ளே போனால் நிமிர்ந்து நிற்க முடியாது, உட்காரத்தான் முடியும். நாலு பேர் படுக்கலாம் என்பது உண்மை; மழை பெய்யும் இரவில் பாய்ப்பைகளுக்கு நடுவே இரண்டு பேர் படுத்தாலே போதும் என்றாகிவிடும்.

கேட்டலினாவின் பலம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. படகு கவிழாமல் தாங்கும் எடைத்தகட்டைக் கீல் என்பார்கள். கேட்டலினாவில் மேலே மடக்கக்கூடிய வார்ப்பிரும்புக் கீல் கொண்ட ரகம்தான் அதிகம் கிடைக்கிறது. இறக்கினால் 5 அடி, மடக்கினால் வெறும் 2 அடி ஆழம் போதும். ஜே/24இன் கீல் அசையாதது. எப்போதும் 4 அடித் தண்ணீர் வேண்டும். செசபீக்கின் சராசரி ஆழமே ஏறத்தாழ 21 அடிதான், கிளை ஓடைகளோ சேறும் மேடுமாக இருப்பவை. அன்னாபொலிஸுக்குத் தெற்கே ரோட் ரிவரில் பெரிய படகுகள் நங்கூரமிட்டு நிற்கும் இடத்தைக் கடந்து, கீலை மடக்கிக்கொண்டு கரையோர மரநிழல்வரை கேட்டலினாவில் போய்விடலாம். மேற்கூரை உயரும் ரகமாக இருந்தால், அதைத் தூக்கிவிட்டு நின்றபடியே சமைக்கலாம். குழந்தைகளோடு போகிறவருக்கு இந்த ஒரு வசதி பெரிது.

வண்டியில் இழுத்துப் போவதிலும் கேட்டலினாதான் சுலபம். சரிவுப் பாதையில் டிரெய்லரை இறக்கினால் மிதந்துவிடும். ஜே/24ஐப் பெரும்பாலும் கிரேன் வைத்துத்தான் இறக்குவார்கள். அதன் அகலம் 8 அடி 11 அங்குலம். அமெரிக்கச் சாலைகளின் பொதுவான வரம்பு எட்டரை அடி. ஆகவே இழுத்துப் போகுமுன் அந்தந்த மாநிலத்தில் தனி அனுமதி தேவையா என்று விசாரித்துவிட வேண்டும்.

இனி முக்கியமான விஷயம்: இரண்டுமே பழைய படகுகள். ஜே/24இன் உடலும் மேல்தளமும் கண்ணாடியிழைக்கு நடுவே பால்சா மரம் வைத்துச் செய்தவை. திருகாணி போட்ட இடங்களில் தண்ணீர் கசிந்தால் பால்சா ஊறி அழுகும். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் மேல்தளம் முழுவதையும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக்' என்று இறுக்கமாகக் கேட்கும். அழுகிய இடத்தில் ஓசை மந்தமாக மாறும். வேலிக்கம்பிகளின் அடி, பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகள் இறங்கும் இடம், விஞ்சுகளைச் சுற்றி, இந்த மூன்றையும் விட்டுவிடாதீர்கள். கீல் உடலோடு சேரும் இடத்தின் முன்பக்கம் விரிசல் தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். உட்காரும் பலகைக்குக் கீழுள்ள பெட்டிகளின் மூடி இறுக்கமாகப் பூட்ட வேண்டும். பழைய ஜே/24 பக்கவாட்டில் சாயும்போது திறந்த மூடி வழியே தண்ணீர் புகுந்தால் மூழ்கக்கூடியது.

கேட்டலினாவில் தட்டிப் பார்ப்பதோடு கீலையும் சோதிக்க வேண்டும். கேபினுக்குள் இறங்கும் படிக்கட்டின் கீழே விஞ்சு இருக்கும். அதைச் சுற்றி இறக்கி ஏற்றுங்கள். கீலைத் தூக்கும் கம்பிவடத்தில் இழை பிரிந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். கீல் தொங்கும் அச்சாணி தேய்ந்திருந்தால் அலையில் 'டொக் டொக்' என்று இடிக்கும். உப்புத்தண்ணீரில் கிடந்த படகில் வார்ப்பிரும்பு செதில்செதிலாகத் துருப்பிடித்திருக்கும். வேகம் கூடும்போது அந்தக் கம்பிவடம் முனகும். அதைக் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், இந்தப் படகின் இயல்பு அது. கேட்டலினாவின் பழுதுகளுக்குப் பாகம் கிடைக்கும், செலவும் பெரும்பாலும் கைக்குள் அடங்கும். ஜே/24இல் பால்சா அழுகியிருந்தால் சீர்செய்யும் செலவு படகின் விலையையே தாண்டிவிடக்கூடும்.

என் தீர்ப்பு: பயணமும் பந்தயமும் சேர்த்து ஒரே படகில் கேட்கிறவர் மடக்குக் கீல் கேட்டலினா 22 வாங்கட்டும். கேட்டலினாக்கள் தங்களுக்குள் மட்டும் போட்டியிடும் பந்தயங்களும் நடக்கின்றன. சமமான படகுகளுக்கு நடுவே ஜெயிப்பது ஓட்டுகிறவரின் திறமைதான். உங்கள் துறையில் ஜே/24கள் அணியாகப் பந்தயம் ஓடி, கூப்பிட்டதும் வர நாலு பேரும் இருந்தால் மட்டும் ஜே/24 பக்கம் போங்கள். எதை வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் தண்ணீரிலிருந்து தூக்கிவைத்துப் பார்க்கவும். அதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.