சூழொலியும் முற்றுகையும்: ஷொஸ்தாகோவிச்சின் ஏழாவது சிம்பொனி குறித்துச் சில சிந்தனைகள்

சூழொலி முறையிற் பதிவு செய்யப்பட்ட சிம்பொனியொன்றைக் கேட்குமிடத்து, கேட்போன் எங்கே அமர்ந்திருக்கின்றான் என்னும் வினா தவிர்க்கவியலாததாகின்றது. முன்னே மூன்று, பின்னே இரண்டு என ஐந்து ஒலிபெருக்கிகள் வட்டமாக நிறுத்தப்பட, அவ்வட்டத்தின் நடுவில் ஒருவருக்கே உரிய இடமுண்டு. சற்று விலகியவருக்கு வாத்தியக் குழு முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்துவிடுகின்றது. ஒலியியலின் தேவையே இவ்வமைப்பை வேண்டிநின்றது என்பதை மறுத்தற்கில்லை. ஆயின், இசை வீட்டறைக்குரிய பண்டமாக விற்கப்படும் சமூகத்தில் அந்நடு இருக்கை தனியுடைமையின் இயல்பையும் பெற்றுவிடுகின்றது.

நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது டிமித்ரி ஷொஸ்தாகோவிச்சின் ஏழாவது சிம்பொனியாகும். அம்ஸ்ரர்டாமின் கொன்சேர்ட்கெபவ் வாத்தியக் குழுவைக் கொண்டு மாரிஸ் யான்சன்ஸ் 2006ஆம் ஆண்டில் நிகழ்த்தி, பல்தட இறுவட்டாக வெளிவந்த பதிவு. இத்தகைய பதிவுகளிற் பின்புற ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் வாத்தியங்களை நேரே தருவதில்லை. மண்டபத்தின் சுவர்களிலும் கூரையிலும் பட்டு மீளும் ஒலியையே தருகின்றன. இதன் பயன் முதற் பகுதியின் நடுவிற் புலனாகின்றது. செவிக்கு எட்டியும் எட்டாமலும் சிறுமுரசொன்று தட்டத் தொடங்க, அற்பமானதொரு மெட்டு அதன்மேல் எழுகின்றது. பன்னிரண்டு தடவை அது வருகின்றது. வாத்தியங்கள் மாறுகின்றன, மெட்டு மாறுவதில்லை, அதன் பாரம் மட்டும் ஏறிக்கொண்டே போகின்றது. ராவெலின் பொலெரோவை (1928) இது பின்பற்றுகின்றதெனக் குறைகூறியோர் உளர். சிம்பொனிக்குரிய வளர்ச்சி இங்கில்லை என்பது அவர்தம் முறைப்பாடு. வளர்ச்சியின்மையே இவ்விடத்திற் பொருளாகி நிற்பதை அவர்கள் கண்டிலர்.

முரசு மெல்ல ஒலிக்கும்வரை மண்டபம் மௌனமாயிருக்கின்றது. நம் முன்னே எங்கோ தொலைவில் ஏதோ நிகழ்கின்றது. ஈற்றில், மூன்று எக்காளம், மூன்று துரொம்போன், நான்கு கொம்பு எனத் தனியே சேர்க்கப்பட்டுள்ள பித்தளை வாத்தியக் குழுவும் இணைந்துகொள்ள, பின்சுவர் பேசத் தொடங்குகின்றது. இருதடப் பதிவில் இவ்விடம் உரத்த ஓசையாக மாத்திரமே அமைகின்றது. இங்கோ இருந்த இடத்திலேயே நாம் வளைக்கப்படுகின்றோம். சூழ்தல் என்னும் நம் சொல்லுக்குச் சுற்றி வளைத்தல், ஆராய்தல் என இரு பொருளுண்டு. முன்னையதைப் பதிவே செய்துவிடுகின்றது. பின்னையதற்குக் கேட்போன்தான் முயலவேண்டும்.

இச்சிம்பொனியின் முதல் மூன்று பகுதிகளும் 1941இல் லெனின்கிராட்டிலேயே எழுதப்பட்டன. அவ்வாண்டு செப்டெம்பர் 8ஆந் திகதி தொடங்கிய முற்றுகை 1944 ஜனவரி 27 வரை நீடித்தது. பட்டினியாலும் குளிராலும் குண்டுவீச்சாலும் மாண்டோர் பல இலட்சம். நகரின் வீடுகளுக்கும் வீதிகளுக்கும் கம்பிவழியே ஒலிபரப்பு எட்டியது. நிகழ்ச்சியில்லாத வேளைகளில் தாளமானியொன்றின் தட்டொலி அதிற் கேட்டுக்கொண்டிருந்தது. தட்டு விரைந்தால் வான் தாக்குதல், தணிந்தால் ஆபத்து நீங்கிற்று என்பது பொருள். ஒலிபெருக்கியில் வரும் தட்டொலியை உயிர்ப்பிரச்சினையாகக் கேட்கப் பழகிய செவிகளுக்கே 1942 ஓகஸ்ட் 9ஆந் திகதி அச்சிறுமுரசு ஒலித்தது. கார்ல் எலியாஸ்பெர்க்கின் வானொலி வாத்தியக் குழுவிற் சிலரே எஞ்சியிருந்தமையால், படைப்பிரிவுகளிலிருந்து இசைஞர் வருவிக்கப்பட்டனர். நிகழ்ச்சிக்கு இடையூறு நேராவண்ணம் சோவியத் பீரங்கிகள் முன்கூட்டியே ஜேர்மன் பீரங்கி நிலைகளைத் தாக்கின. ஒலிபெருக்கிகள் நகரை நோக்கி மட்டுமன்றி, முற்றுகையிட்டோரை நோக்கியும் திருப்பப்பட்டன.

வானொலிச் சிம்பொனி பற்றி அடோர்ணோ எழுதிய கட்டுரை 1941இல் வெளிவந்தது என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. வானொலிப் பெட்டிக்குள் சிம்பொனியின் ஒலித்திண்மை சுருங்கிவிடுகின்றதென்றும், கேட்போனைத் தன்னுட் கொள்ளும் ஆற்றலை இழந்து அது துண்டு துண்டான மெட்டுக்களாகச் சிதறுகின்றதென்றும் அவர் வாதிட்டார். ஒருவகையிற் சூழொலி அவருக்கான தொழில்நுட்ப விடையே. அவர் இழந்ததாகக் கூறிய ஒலிவெளியை அது மீட்டுத் தருகின்றது. ஆயினும், கரகரத்த ஒலிபெருக்கி வழியே லெனின்கிராட் மக்கள் கேட்டது துண்டுகளையன்று. அடோர்ணோ தம் முன்னிருந்த அமெரிக்க வீட்டறையைக் கண்டு எழுதினார். தனியொருவனின் கேட்டலைக் கேட்டலின் பொது இயல்பாகவே கொண்டுவிட்டார். ஆய்வின் கூர்மைக்குக் குறைவில்லை, அதன் சமூக எல்லையே குறுகியது.

இச்சிம்பொனி ஹிட்லரை மட்டுமன்றி ஸ்ராலினையும் சுட்டுவதென ஆசிரியரே கூறியதாக, 1979இல் சொலமன் வொல்கொவ் வெளியிட்ட நூல் சொல்கின்றது. அந்நூலின் நம்பகத்தன்மை இன்றும் சர்ச்சைக்குரியது. 1936இல் பிராவ்தா இவரது ஓபராவைக் கண்டித்தமையும், அதே அரசு ஆறாண்டுகளின் பின் இவரது இசைக்குப் பீரங்கிக் காவல் அளித்தமையும் ஒரே வரலாற்றின் முரண்கள். அவற்றை மூடிமறைக்கும் தேவை மார்க்சியருக்கு இல்லை. படைப்பின் பொருள் முழுவதையும் ஆசிரியரின் மனத்துள் தேடுவோருக்கு அன்று லெனின்கிராட்டிற் கேட்டோர் கணக்கிலேயே வருவதில்லை.

நான்காம் பகுதியின் முடிவில் அதே பித்தளைக் குழு மீண்டும் எழுகின்றது. முன்னர் வளைத்த ஒலி இப்போது வெற்றியின் ஒலியாகின்றது. நடு இருக்கையில் உள்ளோனுக்கு இரண்டும் ஒரே இன்பமாகப் படக்கூடும். சூழொலியின் மெய்யான அபாயம் இதுவே. பல்கலைக்கழக அறையொன்றில் இருபதுபேர் வரை கூடி இப்பதிவைக் கேட்டபோது, பின்புற ஒலிபெருக்கியை அண்டி அமர்ந்திருந்த மாணவர் தமக்கு வாத்தியங்கள் தெளிவுறவில்லை, முழக்கமே எட்டியது எனக் குறைப்பட்டனர். ஆயினும் பின்னர் நடந்த உரையாடலில் முற்றுகை பற்றியும் ரொட்டிப் பங்கீடு பற்றியும் கேள்வி எழுப்பியோர் அவர்களே. நடுவில் இருந்த நண்பர் ஒலிபெருக்கிகளின் விலையை விசாரித்தார்.