பெயர் மாற்றமும் பொருள் மாற்றமும்: இனுயிட் மொழிகள் குறித்த எழுத்தில் ‘எஸ்கிமோ’ என்னும் சொல்

ஆர்க்டிக் வட்டார மொழிகளைப் பற்றிய ஆய்வெழுத்தில் ‘எஸ்கிமோ’ என்னும் சொல் நெடுங்காலம் கேள்விக்கு உள்ளாகாமல் வழங்கிவந்தது. மத்திய எஸ்கிமோக்களைப் பற்றி ஃபிரான்ஸ் போவாஸ் 1888இல் வெளியிட்ட ஆய்விலும், ஃபார்டெஸ்க்யூ, ஜேக்கப்சன், காப்லன் ஆகிய மூவர் 1994இல் வெளியிட்ட ஒப்பீட்டு அகராதியிலும் இச்சொல் தலைப்பிலேயே இடம்பெற்றுள்ளது. இதனை இன்றைய எழுத்தில் தவிர்க்க வேண்டும் என்னும் கருத்து ஆய்வுலகில் பெரிதும் வேரூன்றிவிட்டது. தவிர்த்த இடத்தில் எதனை வைப்பது என்பதே ஆராயத்தக்கது. பலர் ‘இனுயிட்’ என்பதை அப்படியே வைத்துவிடுகின்றனர். இதனால் பழைய பிழை நீங்குமிடத்தில் புதிய பிழை ஒன்று புகுந்துவிடுகிறது.

இச்சொல்லுக்குப் ‘பச்சை இறைச்சி உண்போர்’ என்று பொருள் கூறும் விளக்கம் பரவலாக வழங்குகிறது. மொழியியலாளர் ஐவ்ஸ் காடர்ட் இதனை மறுத்து, பனிக்காலணி பின்னுதலைக் குறிக்கும் இன்னு மொழிச் சொல்லே இதன் மூலம் எனக் காட்டினார். இந்த மறுப்பைக் கொண்டு, சொல் இழிவானதன்று, ஆகவே தொடர்ந்து வழங்கலாம் என வாதிடுவோர் உளர். இவ்வாதம் பொருந்தாது. சொற்பிறப்பு எதுவாயினும், பெயர் அயலார் இட்டது. அதனைச் சுமந்தோர் பலர், குறிப்பாகக் கனடாவிலும் கிரீன்லாந்திலும் வாழ்வோர், அதை ஏற்கவில்லை. தம்மை எவ்வாறு அழைப்பது என்று முடிவு செய்யும் உரிமை சொற்பிறப்பியலைச் சார்ந்ததன்று.

1977இல் அலாஸ்காவின் பாரோ நகரில் இனுயிட் சுற்றுத்துருவ மாநாடு முதன்முறையாகக் கூடியது. அந்நகரே 2016இல் தன் பழம்பெயரான உத்கியாக்விக் என்பதற்கு மீண்டது. இவ்வமைப்பின் சாசனம் இனுப்பியாட், இனுவியாலுயிட், கலாலித் ஆகியோரோடு அலாஸ்காவிலும் ரஷ்யாவிலும் வாழும் யூப்பிக் மக்களையும் ‘இனுயிட்’ என்னும் பெயருக்குள் அடக்குகிறது. இது அரசியல் ஒற்றுமைக்காக அவர்களே வகுத்த எல்லை.

மொழியியலில் அப்பெயரின் எல்லை வேறு. இனுயிட் கிளை வட அலாஸ்காவிலிருந்து கனடா வழியாகக் கிரீன்லாந்து வரை நீளும் கிளைமொழித் தொடர். யூப்பிக் கிளை தென்மேற்கு அலாஸ்காவிலும் சுக்கோட்காவிலும் வழங்குவது. ஒரு கிளையின் பேச்சு மற்றக் கிளையாருக்கு விளங்காது. மனிதனைக் குறிக்க இனுயிட் கிளையில் ‘இனுக்’ என்பதும் மத்திய அலாஸ்க யூப்பிக்கில் ‘யுக்’ என்பதும் வழங்குகின்றன. ஆகவே ‘எஸ்கிமோ’வை நீக்கி மொழிக்குடும்பம் முழுவதற்கும் ‘இனுயிட்’ எனப் பெயரிட்டால், யூப்பிக் மொழிகள் பெயரின்றி மறைந்துபோகும். ‘அலியூட்’ என்பதும் ரஷ்யர் வருகைக்குப் பின் பரவிய பெயரே. இக்காரணங்களால்தான் ‘இனுயிட்–யூப்பிக்–உனங்கன்’ என்னும் நீண்ட பெயர் ஆய்வுலகில் இடம்பெற்று வருகிறது. நீளம் இடையூறாகத் தோன்றலாம். எனினும் குடும்பத்தின் உட்பிரிவுகளை அது மறைப்பதில்லை.

சொல்லை மட்டும் மாற்றுவது போதாது என்பதற்குப் பனிச்சொற்கள் பற்றிய கதை தக்க சான்று. போவாஸ் 1911இல் காட்டிய சில எடுத்துக்காட்டுகள் பிற்காலத்தார் கையில் எவ்வாறு பெருகின என்பதை லாரா மார்ட்டின் 1986இல் விளக்கினார். இன்று அதே கதையைத் திரும்பக் கூறுவோர் ‘எஸ்கிமோ மொழியில்’ என்பதை ‘இனுயிட் மொழியில்’ எனத் திருத்திக்கொள்கின்றனர். பெயர் மாறியும் கூற்றின் தவறு மாறவில்லை. எந்த மொழி, எந்தக் கிளைமொழி, வேர்ச்சொற்களா ஒட்டுகள் சேர்ந்த வடிவங்களா என்னும் வினாக்கள் அப்படியே எஞ்சுகின்றன.

தமிழில் எழுதுவோருக்குத் தனிச் சிக்கல்களும் உள்ளன. இனுக்டிடுட் மொழியில் ஒருவர் ‘இனுக்’, இருவர் ‘இனூக்’, மூவரும் அதற்கு மேற்பட்டோரும் ‘இனுயிட்’. எனவே ‘இனுயிட்டுகள்’ என்பது பன்மையின்மேல் மற்றொரு பன்மை. ‘ஓர் இனுயிட்’ என்பது எண் மயக்கம். ‘செவ்விந்தியர்’ என்னும் பழஞ்சொல்லால் இவர்களையும் சேர்த்துக் குறிப்பது இன்னும் பெரிய தவறு. கனடாவின் 1982ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இந்தியர், இனுயிட், மேட்டி என மூன்று மக்களைத் தனித்தனியே குறிப்பிடுகிறது. அச்சட்டத்தில் இன்றும் நிற்கும் ‘இந்தியர்’ என்னும் சொல்லை மேற்கோளில் மாற்றுதல் கூடாது. மொழிபெயர்ப்பாளர் தம் சொந்த வாக்கியத்தில் அதனைத் தொடரவும் கூடாது.

இவற்றிலிருந்து பெறப்படும் நெறி எளிது. நூல்தலைப்பு, வழக்குப் பெயர், மேற்கோள் ஆகியவற்றில் பழஞ்சொல் மாறாது நிற்க வேண்டும். மாற்றினால் ஆவணம் பொய்க்கும், நூலகத்தில் தேடுவோர் அதைக் கண்டடையவும் இயலாது. ஆய்வாளர் தம் கூற்றாக எழுதும்போது, பேசப்படும் பொருளின் அளவுக்கேற்ற பெயரையே ஆள வேண்டும். நுனாவுட்டின் கிழக்கே வழங்கும் மொழியாயின் இனுக்டிடுட், 2009 முதல் கிரீன்லாந்தின் ஒரே ஆட்சிமொழியாயின் கலாலிசுட், கிளையாயின் இனுயிட் அல்லது யூப்பிக், குடும்பமாயின் முழுப்பெயர். நூலகப் பட்டியலோ பழம்பெயரையும் புதுப்பெயரையும் ஒன்றோடொன்று இணைத்துக் காட்ட வேண்டும்.

ஒரு மக்களின் பெயரைத் திருத்துவது மரியாதை. எந்த மொழியைப் பற்றிப் பேசுகிறோம் எனத் தெளிந்து எழுதுவது ஆய்வு. பின்னது இல்லாதவிடத்து முன்னது பெயரளவிலேயே நின்றுவிடும்.