வேடிக்கை காட்டி ஒரு வாய்

ஒன்றரை வயதுப் பிள்ளை இடுப்பில், பருப்புசாதக் கிண்ணம் கையில். இப்படித் தெருவுக்கு வரும் பாட்டியைப் பார்க்காத தமிழர் குறைவு. காக்காவுக்கு ஒரு வாய், நாய்க்குட்டிக்கு ஒரு வாய், பாப்பாவுக்கு ஒரு வாய்.

பேச்சு கற்க இதைவிட நல்ல இடம் அமைவது கடினம். பிள்ளை விரல் நீட்டுகிறது. பாட்டியும் அந்தப் பக்கம் திரும்புகிறாள். அது "க்கா" என்றால், "ஆமாடா தங்கம், காக்கா பறந்துபோச்சு" என்று நீட்டித் திருப்பித் தருகிறாள். பார்த்த பொருளும் அதன் பெயரும் ஒரே நொடியில் சேர்ந்துவிடுகின்றன. எதிரே ஆள் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை மொழி ஆய்வாளர் பட்ரீஷியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒருவர் நேரில் சீனமொழியில் பேசி விளையாடியபோது, ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியப் பழகின. அதையே வீடியோவில் பார்த்த குழந்தைகளுக்கு அது வாய்க்கவில்லை.

சோறூட்டும் முறையாகப் பார்த்தால்தான் இதில் சிக்கல். காக்கா காட்டுவது காக்காவுக்காக அல்ல, வாய் திறப்பதற்காக. பிள்ளை அண்ணாந்த நேரம் பார்த்து உருண்டை உள்ளே போகிறது. முகத்தைத் திருப்பினால் 'போதும்' என்று பொருள். நாம் அதை அடம் என்கிறோம். அப்புறம் பூச்சாண்டி வருகிறான், போலீஸ்காரர் வருகிறார். பேசத் தெரியாத பிள்ளை தெளிவாகச் சொன்ன ஒரே சொல்லைத்தான் கேட்காமல் விடுகிறோம். தானே அள்ளித் தின்னத் துடிக்கும் கையையும், தரை பாழாகும் என்று பிடித்துக்கொள்கிறோம். அங்கன்வாடியில் எடை குறைவு என்று கேட்டுவந்த தாயின் பதைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் எடை சரியாக இருக்கும் வீட்டிலும் இதே கதைதான்.

இன்று கைபேசியைத் திட்டாத பாட்டி இல்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது சரிதான். ஆனால் கைபேசி எங்கிருந்தோ வந்து குதிக்கவில்லை. வாய் திறப்பதுதான் நோக்கம் என்றால், காக்காவைவிட அது கெட்டிக்கார வேடிக்கை. மழையிலும் வரும், பறந்துபோகாது. பிள்ளை "க்கா" என்றால் பதில் மட்டும் சொல்லாது.

வேடிக்கையைக் கிண்ணம் இல்லாத நேரத்துக்கு மாற்றலாம். சாப்பாட்டு நேரத்தில் வாசலில் ஒரு தட்டு, பக்கத்தில் நாமும் ஒரு தட்டு. பாதி சிந்தும். சிந்தியதைக் கொத்தக் காக்கா தானாக வரும்.