கம்பத்தில் ஏறிய வெற்றிடம்

ஐப்பசி மாதத்து மதியத்தில் பேச்சிப்பாறை மலைப்பக்கம் வானம் கறுத்தால், குமரி மாவட்டத்துத் திற்பரப்பில் கரண்டு போகும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரப்பர் மரங்களுக்கிடையே ஓடும் உயரழுத்தக் கம்பியில் ஒரு கிளை உரசும், அல்லது பக்கத்தில் மின்னல் இறங்கும். உடனே தொலைவிலுள்ள துணை மின் நிலையத்தில் பிரேக்கர் விழும். கடலுக்கு அப்பால், இலங்கையின் கேகாலை, களுத்துறை ரப்பர்த் தோட்டங்களிலும் இதே பருவத்தில் இதே கதைதான். இரண்டு இடத்திலும் மின்னோட்டத்தை அறுப்பது ஒரே கருவி: ஊழியர்கள் வி.சி.பி. என்று சொல்லும் வெற்றிட பிரேக்கர். அறுத்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் இரு நாடுகளும் வழி பிரிகின்றன.

பிரேக்கரின் உயிர் ஒரு பீங்கான் குப்பியில் இருக்கிறது. காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்து அடைத்த அந்தக் குப்பிக்குள் செம்பும் குரோமியமும் கலந்த இரண்டு முனைகள் ஒன்றையொன்று தொட்டபடி நிற்கும். பழுது வந்ததும் ஸ்பிரிங் அவற்றைப் பிரிக்கும். 11 கிலோவோல்ட்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடைவெளி போதும். உள்ளே காற்று இல்லாததால், முனைகளிலிருந்து கிளம்பும் உலோக ஆவியைத் தவிர தீப்பொறிக்கு வேறு ஆதாரம் இல்லை. நம்முடைய 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வினாடிக்கு 100 முறை சுழியத்தைத் தொடுகிறது. அப்படித் தொடும்போது ஆவி சுற்றியுள்ள கவசத்தில் படிந்துவிடும். தீப்பொறி மறுபடி மூள வழியிருக்காது. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சோரன்சனும் மெண்டன்ஹாலும் 1926-இலேயே இதைச் செய்துகாட்டிவிட்டார்கள். கசியாத குப்பியும் வாயு கக்காத உலோகமும் கைவந்து, அது சந்தைக்கு வர 1960-கள் ஆயிற்று.

முன்பிருந்த எண்ணெய் பிரேக்கரில் பெரிய பழுதுகள் சில வந்தாலே எண்ணெய் கரியாகிவிடும். வடித்து மாற்ற வேண்டும். வெற்றிடக் குப்பியோ ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடினாலும் சளைக்காது. இந்தச் சளைக்காத குணத்தை இரு நாடுகளும் ஒரே அளவில் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போவது பெரும்பாலும் 11 அல்லது 22 கிலோவோல்ட் பீடர், அதாவது விநியோகக் கம்பி. 33 கிலோவோல்ட்டுக்கு இங்கே ஒரு துணை மின் நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் சுமப்பதே முக்கிய வேலை. பிரேக்கர் நிலையத்தின் வேலிக்குள்ளேயே நிற்கும். அதற்கு வெளியே கையால் இயக்கும் ஏ.பி. சுவிட்சும் பியூஸும்தான் அதிகம். பீடர் விழுந்தால் பணியில் இருப்பவர் சற்றுப் பொறுத்து ஒரு முறை டெஸ்ட் சார்ஜ் போட்டுப் பார்ப்பார். நிற்கவில்லையென்றால் லைன்மேன் டார்ச்சோடு தோட்டத்துக்குள் நடக்க வேண்டியதுதான். தானாக மூடும் ரீகுளோசர்கள் இந்தியாவில் இல்லாமல் இல்லை. 2008-இல் புது வடிவம் பெற்ற ஆர்.ஏ.பி.டி.ஆர்.பி. என்ற மத்தியத் திட்டம் இத்தகைய தானியங்கிக் கருவிகளுக்குப் பணம் தந்தது. ஆனால் அது நகரங்களை மனத்தில் வைத்த திட்டம். மலையடிவாரத்து ரப்பர்க் காடு அந்தக் கணக்கில் வரவில்லை.

இலங்கையின் அமைப்பே வேறு. அங்கே 33 கிலோவோல்ட்தான் கிராமத்து வாசல்வரை வருகிறது. அதை நேரே 400 வோல்ட்டாக இறக்கும் மின்மாற்றிகள் தீவெங்கும் கம்பங்களில் தொங்குகின்றன. 11 கிலோவோல்ட் பெரும்பாலும் கொழும்பு போன்ற நகர்ப்பகுதிகளுக்கு உரியது. மும்மடங்கு அழுத்தத்தில் அதே மின்சாரத்தை அனுப்ப மூன்றில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். அதே கம்பியில் இழப்பு ஒன்பதில் ஒரு பங்காகும். அதனால் கம்பியை வெகுதூரம் இழுக்கலாம். இழுத்த தூரத்துக்கு ஏற்ப மரமும் மின்னலும் கூடவே வரும். தொடக்கத்தில் மட்டும் பிரேக்கர் வைத்தால் ஒரு கிளைக்காக ஒரு பிரதேசமே இருளும். எனவே மின்சார சபை வெற்றிடக் குப்பியைக் கம்பத்தில் ஏற்றியது. வழியில் நிற்கும் ஓட்டோ ரீகுளோசர் விழும், சில வினாடிகளில் தானே மூடிப் பார்க்கும், பழுது தீரவில்லையென்றால் மீண்டும் முயலும், கடைசியில் பூட்டிக்கொள்ளும். மேல்நிலைக் கம்பிகளில் வரும் பழுதுகளில் பெரும்பகுதி தற்காலிகமானவை என்பதால் பல வீடுகளில் விளக்கு ஒரு முறை கண்சிமிட்டுவதோடு சரி.

திற்பரப்புக்குப் பொருந்துவது இந்த இலங்கை வழியே. ஆனால் தமிழ்நாட்டுத் தயக்கத்தை வெறும் சோம்பல் என்று தள்ளவும் முடியாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது குமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் சேர்ந்தே சாய்ந்தன. அறுந்து ஈரத்தரையில் கிடக்கும் கம்பிக்கு ஒரு கருவி தானாக மறுபடி உயிர் கொடுப்பதை நினைத்தால், பால் வெட்டக் கருக்கலில் கிளம்பும் தொழிலாளியின் வீட்டார் அதை வரவேற்பார்களா?

வேறு ஒரு வேற்றுமையும் உண்டு, அது பிரேக்கருக்கு அப்பாற்பட்டது. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, இலங்கையின் பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதாக அமைச்சர் சொன்னார். தீவு முழுதும் இருண்டது. விடுமுறை நாளின் குறைந்த தேவை, நல்ல வெயில், சுழலும் இயந்திரங்களைவிடக் கூரைச் சூரியத் தகடுகளின் கை ஓங்கிய நேரம். சிறு அதிர்ச்சியைத் தாங்கும் கனம் அப்போது கட்டமைப்பில் இல்லை. தென்னிந்தியக் கட்டமைப்போ 2013 டிசம்பர் 31-இல் வடக்கோடு இணைந்துவிட்டது. குமரியின் கோதையாற்றுப் பக்கத்துக் குரங்கு என்ன குதி குதித்தாலும் அந்தப் பெருங்கட்டமைப்பு முழுவதையும் விழவைப்பது கடினம்.

மீண்டும் பிரேக்கருக்கு வந்தால், வெற்றிடக் குப்பியை இந்தியா தானே செய்கிறது. அதைச் செய்யும் நிறுவனங்களில் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒன்று. இலங்கைக்கு அது இறக்குமதிப் பொருள். புதிதாகக் கட்டும் 33 கிலோவோல்ட் நிலையங்கள் சிலவற்றில் அந்த நாடு வெற்றிடக் குப்பியை எஸ்.எஃப். 6 வாயு நிரப்பிய பெட்டிக்குள் வைத்து அறைக்குள் அடக்குகிறது. கரியமில வாயுவைப்போல் இருபதாயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும் வாயு அது. ஐரோப்பிய ஒன்றியம் 24 கிலோவோல்ட் வரையிலான புதுக் கருவிகளில் அதை 2026 தொடக்கத்திலிருந்தே தடுத்துவிட்டது. 52 கிலோவோல்ட் வரையிலானவற்றுக்குக் கெடு 2030. தமிழ்நாட்டு நிலையங்களின் திறந்த முற்றத்தில் பீங்கான் உறையோடு மழையில் நனைந்து நிற்கும் பழைய பாணி வி.சி.பி.க்கு அந்த வாயு முதலிலிருந்தே தேவைப்படவில்லை.